உள்ளங்கைச் சூடு

இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்வரை அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கீழே வைத்தால்தான் தொல்லை ஆரம்பிக்கும்.

தெருவில் எல்லாருக்குமே அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடை என்பது ஒரே ஒரு அறை. நடுவே ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் அக்காவின் இஸ்திரி மேஜை, அந்தப் பக்கம் அவள் கணவரின் தையல் மெஷின். தையல்காரர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மெஷினை நிறுத்துவார். மெஷின் நின்றால் அக்கா காதைத் தீட்டிக்கொள்வாள். அவர்களுடைய குடும்பம் பல வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு ஒரு வறட்டு இருமலும் காய்ச்சலும் வந்தன. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் ஒருவழியாகப் போனது. ஆனால் போகும்போது அவளிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. முகம் வெளுத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குழாயடியில் துணி அலசினால் விரல் நுனிகள் மை தொட்டதுபோல் நீலமாகிவிடும். மூக்கு நுனியும் காது மடலும்கூட அப்படித்தான். காலையில் சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போவதைப் பார்த்து அவள் பயந்தாள். பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் கடைக்கு வந்து பெட்டியைக் கையில் எடுத்து, ஆவி முகத்தில் அடிக்க நாலு சட்டையைத் தேய்த்துவிட்டால், விரல்களில் நிறம் திரும்பிவிடும். வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேசுவாள். வீட்டுக்குப் போனால் மறுபடியும் போர்வைக்குள் சுருண்டுவிடுவாள்.

இதை வீட்டில் ஒருத்தி கவனித்துக்கொண்டே இருந்தாள். தையல்காரரின் தங்கை, அக்காவின் நாத்தனார். அவர்களோடுதான் இருந்தாள். நாக்கு கொஞ்சம் நீளம். மனசு அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த மனசைப் பார்க்க நாக்கைத் தாண்டிப் போகவேண்டும், அதற்குப் பொறுமை உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"அது என்ன நோயோ அண்ணி, கடைவாசல் வரைக்கும் கூடவே வந்து, உள்ள நுழையாம நின்னுடுது! பாத்திரம் தேய்க்கறப்ப மட்டும் கரெக்டா வந்து விரல்ல உக்காந்துக்குது."

"நான் என்ன நடிக்கறேனா?"

"நான் அப்படிச் சொல்லல. நோய்க்குத்தான் நேரம் காலம் நல்லாத் தெரியுதுன்னு சொன்னேன்."

தெருமுனை டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கு" என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். வெளுத்துப்போய் வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் சரியான மருந்து. அவர் மேல் தப்பில்லை. அக்காவும் வேளை தவறாமல் விழுங்கினாள். வெளுப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. இப்போது கண்ணில் லேசான மஞ்சளும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் காலை, குளிர்ந்த மழைக்காற்றில், குழாயடியில் வாளியைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். முதலில் ஓடிவந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டது நாத்தனார்தான். "அண்ணி, அண்ணி! நடிப்புன்னு நான் சொன்னதை நம்பி விழுந்து காட்டிட்டீங்களா? எழுந்திருங்க அண்ணி!" என்று அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது.

*

பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள். மறுபடி எடுத்தார்கள். மாலையில் இன்னொரு தடவை எடுத்தார்கள்.

"இருக்கறதே கம்மி, அதையும் இப்படி உறிஞ்சினா எப்படி சிஸ்டர்?" என்றாள் நாத்தனார்.

"மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுதுங்க. ரத்தம் கெட்டுப்போகுதோன்னு இப்ப ஐஸ் பெட்டியில வச்சுப் பத்திரமா அனுப்பறோம்" என்றாள் வார்டு சிஸ்டர். நல்ல பெண். சொன்னபடியே ரத்தக் குழாயை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பூப்போல வைத்து மூடி, ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

வார்டு டாக்டர் தையல்காரரை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். உடம்பில் ரத்தம் மளமளவென்று குறைந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. இப்படியே போனால் இதயம் தாங்காது. ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும். ஆனால் ரத்த வங்கியில் இருக்கிற எந்த ரத்தத்தையும் அவள் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால் திரிந்துபோகிறது. அவள் எந்த குரூப் என்பதையே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? சில சமயம் அவங்களோடது ஒத்துப்போகும்."

தையல்காரர் தரையைப் பார்த்தார். இருக்கிறான். ஒரு தம்பி. லாரி ஓட்டுகிறவன். அக்காவும் அவனும் பேசி வருஷக்கணக்காகிறது.

அந்தத் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டைகளில்தான் அக்கா இஸ்திரி போடவே கற்றுக்கொண்டாள். இரண்டு சட்டையைக் கருக்கியும் இருக்கிறாள். கருகிய சட்டையைப் போட்டுக்கொண்டு, "இது டிசைன்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தவன் அவன். அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்.

அம்மா இறந்தபோது அவன் வந்து சேரவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் வாசலில் வந்து நின்றான். துக்கத்தில் இருப்பவர்கள் கையில் அகப்பட்டதை எறிவார்கள். அக்கா கையில் ஒரு சொல் அகப்பட்டது. "அம்மா ரத்தம் உன் உடம்புல ஓடியிருந்தா நடந்தாவது வந்து சேர்ந்திருப்ப. நீ எங்க அம்மா புள்ளையே இல்ல" என்றாள், அத்தனை பேர் முன்னால். அவன் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனான். அதன் பிறகு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தினமும் படுக்கும்முன் கடவுளிடம் அவன் லாரி பத்திரமாக ஓடவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். கடவுளிடம் சொல்ல முடிந்ததை அவனிடம் சொல்ல முடியவில்லை.

"அவன்கிட்ட கேக்காதீங்க" என்றாள் அக்கா, கட்டிலில் இருந்தபடி.

"சரி" என்றார் தையல்காரர்.

"என்ன சரி? நான் நேத்தே போன் பண்ணிட்டேன்" என்றாள் நாத்தனார். "உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கும் மரியாதை குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா, அப்புறம் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது நான்?"

*

அவன் மறுநாள் வந்தான். அக்கா கண்ணைத் திறந்தபோது வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏற்கெனவே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். காது ஓரம் நரை. ராத்திரி முழுக்க ஓட்டி வந்த களைப்பு. அவளுக்கு அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முதலில் தெரிந்தது அவன் சட்டை. கசங்கிப்போய், காலர் ஒரு பக்கம் மடங்கி, சுருட்டி எடுத்து உதறிப் போட்டுக்கொண்டதுபோல.

'யார் தேய்க்கிறார்கள் இவனுக்கு?' என்று நினைத்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வா' என்ற ஒரே எழுத்து போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் யாரோ அவனை ஆய்வக ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள்.

அவன் திரும்பி வரவில்லை. தையல்காரர் மட்டும் வந்தார்.

"என்னங்க? எங்க அவன்?"

"போயிட்டான்."

"ஏன்?"

அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். இப்போது நிறுத்துவதற்கு மெஷின் இல்லை. பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "அவன் ரத்தமும் சேரலையாம். ஜன்னல்ல இருந்தவர் சாதாரணமாத்தான் சொன்னார். இவன் முகத்துல ஈயாடல. 'மாமா, அக்கா அன்னைக்கே சொன்னா. நான்தான் கோவத்துல சொல்றான்னு நினைச்சேன். இப்ப டெஸ்ட்டே சொல்லிடுச்சு'ன்னான். லாரி மார்க்கெட்ல லோடுக்கு நிக்குதாம். போயிட்டான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாவைப் பற்றி இரண்டு நாளாக யோசித்து ஓரளவு பழகியிருந்தாள். இதற்கு அவள் பழகவில்லை. கோபத்தில் எறிந்த ஒரு பொய்யை உண்மை என்று நம்பிக்கொண்டு ஒருவன் லாரி ஓட்டிக்கொண்டு போகிறான். அவள் செத்துப்போனால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆளே இருக்காது. 'ஆண்டவா, எனக்கு உயிர் வேணும்னு கேக்கல. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று வேண்டிக்கொண்டாள்.

*

பிற்பகலில் ஒரு டாக்டரம்மா வந்தார். குள்ளமான உருவம், மூக்கில் இறங்கிய கண்ணாடி, கையில் மெஷின் கக்கிய காகிதங்கள். ரத்த நோய்களுக்கான டாக்டர். ஒரு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தார். அந்த வார்டில் டாக்டர்கள் நின்றுகொண்டு பேசித்தான் அக்கா பார்த்திருக்கிறாள்.

"அம்மா, இந்தக் காகிதத்துல இருக்கற கணக்கு ஒண்ணு நடக்கவே முடியாத கணக்கு. சிவப்பணு ரொம்ப ரொம்பக் கம்மின்னு சொல்லுது. ஆனா ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் அது கொள்ளற அளவுக்கு மேல சிவப்புச் சத்து இருக்குன்னும் சொல்லுது. ஒரு குடத்துக்குள்ள மூணு குடம் தண்ணி இருக்குன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"நானும் நம்பல. அப்ப அது ஒரு குடமா இருக்காது. மூணு குடம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, மெஷின் அதை ஒண்ணுன்னு எண்ணிருக்கு. ஏன் ஒட்டுதுன்னுதான் கண்டுபிடிக்கணும்." அவர் அக்காவின் கையை எடுத்து விரல் நுனிகளைப் பார்த்தார். சில்லென்று, நீலம் பாய்ந்திருந்தன. "எல்லாரும் உங்ககிட்ட எப்ப முடியாமப் போகுதுன்னு கேட்டிருப்பாங்க. நான் வேற கேக்கறேன். எப்ப நல்லா இருக்கீங்க?"

அக்கா யோசிப்பதற்குள் கால்மாட்டிலிருந்து பதில் வந்தது. "இஸ்திரி போடறப்ப டாக்டர்! அப்ப மட்டும் ராணி மாதிரி இருப்பாங்க. குழாய்ல கைய வச்சா..." நாத்தனார் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு, இடம் ஆஸ்பத்திரி என்று நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மெல்லத் திரும்பினார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"இல்ல டாக்டர், நான் விளையாட்டுக்கு..."

"விளையாட்டாவே சொல்லுங்க. சொன்னதையே சொல்லுங்க."

நாத்தனார் தயங்கித் தயங்கி, தான் இத்தனை நாள் குத்திக்காட்டிய எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கடையில் விரல் சிவப்பது, குழாயடியில் நீலமாவது, குளிர் அடித்த மறுநாள் காலையில் கண் மஞ்சளாவது. பொறாமையோடு பார்த்தவள்தான், ஆனாலும் ஒன்றைக்கூட விடாமல் பார்த்திருக்கிறாள். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"இதுக்கு முன்னாடி காய்ச்சல், இருமல் ஏதாவது?"

"ஆமா, வறட்டு இருமல். ரொம்ப நாள்."

"காலையில சிறுநீர் நிறம் மாறிப் போச்சா?"

அக்கா திடுக்கிட்டாள். யாரிடமும் சொல்லாதது. "தேத்தண்ணி மாதிரி" என்றாள் மெதுவாக.

டாக்டரம்மா எழுந்து வார்டு சிஸ்டரிடம் போனார். ஆய்வகத்துக்குப் போகக் காத்திருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, அக்காவின் பெயர் ஒட்டிய கண்ணாடிக் குழாயை எடுத்துவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ரத்தம் வழவழவென்று வழியவில்லை. கண்ணாடிச் சுவரில் சிவப்பு மணல் அப்பியதுபோல் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஐயோ, கெட்டுப்போச்சா? ஐஸ்லதானே டாக்டர் வச்சேன்!" என்றாள் சிஸ்டர்.

"நீங்க அக்கறையாத்தான் வச்சீங்க. ஆனா இந்த அம்மா ரத்தத்துக்கு ஐஸ்தான் எதிரி. இதோட ஆய்வகத்துல புது ஏசி வேற. அந்த அறையில உக்காந்து எந்த ரத்தத்தோட சேர்த்துப் பார்த்தாலும் இப்படித்தான் திரியும்." அவர் குழாயை உள்ளங்கைக்குள் வைத்து மூடப்போனார்.

"டாக்டர்" என்றாள் அக்கா. அவளுக்கே அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் பொறுங்க. எந்த ரத்தத்தோட சேர்த்தாலும்னு சொன்னீங்களே. அப்ப என் தம்பியோடது மட்டும்னு இல்லையா?"

"யாரோடதும்தான். ஏன்?"

அக்கா சொன்னாள். அழாமல் சொல்ல நினைத்தாள், பாதிவரை முடிந்தது.

டாக்டரம்மா குழாயை மறுபடியும் ஐஸ் பெட்டியில் வைத்து மூடினார். "நான் வேற ரத்தம் எடுத்து, சூடு ஆறாம ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உங்களுக்கு ஆகவேண்டிய வேலையைப் பார்க்கறேன். அது தனியா நடக்கும். இந்தக் குழாய் இங்கயே இருக்கட்டும். உங்க தம்பியைக் கூப்பிடுங்க. சில விஷயம் வாயால சொன்னா ஏறாது, கையில குடுக்கணும்."

வெதுவெதுப்பான குழாயில் ரத்தம் எடுத்தார்கள். அதை வைத்துக் கொண்டுபோக எதுவும் அகப்படவில்லை. தையல்காரர் தான் கொண்டுவந்திருந்த தேநீர் பிளாஸ்கைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, பக்கத்துக் கட்டில்காரரின் பச்சைத் தண்ணீரும் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து நீட்டினார்.

"தேநீர் வாசனை போகலையே" என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே.

"ரத்தத்துக்கு அது தெரியாதுங்க" என்றார் தையல்காரர். டாக்டரிடம் அவர் பேசிய நீண்ட வாக்கியம் அதுதான்.

*

போனைத் தம்பி எடுக்கவில்லை. நாத்தனார் குடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அங்கே என்ன நடந்தது என்பதை அவள் பிற்பாடு பலவிதமாகச் சொன்னாள். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது இதுதான்: லாரி புறப்பட்டுவிட்டது; அவள் குடையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்; பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன; அவள் அசையவில்லை.

"ஏத்தறதா இருந்தா ஏத்து தம்பி. ஒரு வீட்டுல ரெண்டு பேர் போனா செலவு மிச்சம்னு அண்ணா சந்தோஷப்படுவாரு."

"தள்ளுங்க. நான் வந்து என்ன பிரயோஜனம்? என் ரத்தம்தான் சேரலையே."

"உன் ரத்தம் யாருக்கு வேணும்? உன் கைதான் வேணுமாம். வா."

அப்படித்தான் அவன் மறுபடி வார்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான். மழையில் நனைந்த சட்டை இன்னும் மோசமாகக் கசங்கியிருந்தது. இந்தத் தடவை அக்கா யோசிக்கவில்லை.

"வா" என்றாள்.

அவன் வந்தான். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றான். டாக்டரம்மா ஐஸ் பெட்டியிலிருந்து குழாயை எடுத்து அவனிடம் காட்டினார்.

"பாருங்க. எப்படி இருக்கு?"

"திரிஞ்சு கிடக்கு. பொடிப்பொடியா."

"இதுல உங்க ரத்தம் ஒரு சொட்டுகூட இல்ல. யாரோடதும் இல்ல. இது உங்க அக்கா ரத்தம் மட்டும். அவங்க ரத்தம் அவங்களோடவே இப்படிச் சண்டை போட்டுக்கிட்டு நிக்குது. இப்படிப்பட்டது உங்களோடது கூடச் சேரலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

அவன் ஓர் அடி கிட்டே வந்து குழாயைப் பார்த்தான்.

"கைய நீட்டுங்க." குழாயை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "ஸ்டியரிங் பிடிக்கற மாதிரி பிடிங்க. அவசரம் இல்ல."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். காய்ப்பு ஏறிய பெரிய கை. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் பிடித்து நடத்தி ரோட்டைத் தாண்டவைத்த கை. அப்போது அது அவளுடைய இரண்டு விரலுக்குள் அடங்கியது.

"இப்பத் திறங்க."

அவன் விரித்தான். டாக்டரம்மா சொல்லாமலே குழாயை வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்தான். மணல் இல்லை. ரத்தம் எண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கியது, திருப்பினால் மறுபக்கம் இறங்கியது. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சூடு பட்டா சரியாயிடுமா?" என்றான்.

"குளிர்ந்தா ஒட்டிக்கும், சூடு பட்டா பிரிஞ்சு அதது தன் வழியில போகும். இதுக்கு மருந்துல பாதி சூடுதான்."

அக்கா கையை நீட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "அன்னைக்கு நான் சொன்னது பொய்டா. சொல்றப்பவே எனக்குத் தெரியும் பொய்னு. நீ அம்மா ஜாடை. தும்மறதுகூட அம்மா மாதிரிதான் தும்முவ."

அவன் குழாயை டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "அன்னைக்குப் பாலம் உடைஞ்சிருந்துச்சுக்கா" என்றான். "வண்டியை அங்கயே விட்டுட்டு, இடுப்பளவு தண்ணியில இறங்கி, நடந்துதான் வந்தேன். நீ சொன்ன மாதிரியே. நடந்துதான் வந்தேன்."

"நான் கேக்கவே இல்லையே" என்றாள் அக்கா. "வாசல்ல நின்னவனை ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நான்."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "இந்த வார்டுல தூசி ஜாஸ்தி" என்றாள் சிஸ்டரிடம், கோபமாக.

*

ஆய்வகத்தில் அன்று ஏசியை நிறுத்தினார்கள். அக்காவின் ரத்தத்தை உடம்புச் சூட்டிலேயே வைத்து, சேர்த்துப் பார்க்கவேண்டியதையும் அதே சூட்டில் வைத்து, முதலிலிருந்து எல்லாம் செய்தார்கள். குரூப் தெளிவாகத் தெரிந்தது. வங்கியில் இருந்த பைகளில் அந்த குரூப்பைச் சேர்ந்தவை ஒன்றும் திரியவில்லை. தம்பி கொடுத்ததிலிருந்து சோதனைக்கு எடுத்து வைத்திருந்த சிறு குழாயையும் பார்த்தார்கள். அதுவும் சேர்ந்தது.

டாக்டரம்மா வந்து அதைச் சொன்னபோது தம்பி சட்டென்று எழுந்து நின்றான். "அப்ப என்னோடதையே ஏத்திடுங்க டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இப்ப இங்க இல்லையே. உங்க அக்காவுக்கு ஆகாதுன்னு முடிவானதும், மத்த சோதனையெல்லாம் முடிச்சு, விபத்துல வந்த ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. மத்தியானமே ஏத்தியாச்சு."

அவன் முகம் ஒரு கணம் விழுந்தது. "யாருக்கு?"

"அது சொல்லக்கூடாது. பிழைச்சுட்டார்னு மட்டும் சொல்லலாம்."

"அட" என்றான். மறுபடி உட்கார்ந்துகொண்டான். பிறகு தனக்குத்தானே சிரித்தான். "யாருன்னே தெரியாம ஒருத்தன் என் ரத்தத்தோட திரியறான். லாரி வேகமா ஓட்ட ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல."

அக்காவுக்கு ஏறியது முகம் தெரியாத வேறு யாரோ கொடுத்தது. ஒரு சின்ன வெந்நீர்ப் பெட்டியின் வழியாகக் குழாய் சுற்றிச் சுற்றி வந்து, ரத்தம் அவள் உடம்புச் சூட்டிலேயே உள்ளே இறங்கியது. தம்பியின் ரத்தம் எவரோ ஒருவரிடம் போனது, எவரோ ஒருவரின் ரத்தம் தன்னிடம் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இதைச் செய்த ஆண்டவனுக்கு எந்தக் கையால் கொடுத்து எந்தக் கையால் வாங்கவேண்டும் என்று நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. முகம் தெரியாத அந்த ஆளுக்காகவும் அன்று ஒரு பிரார்த்தனை கூடியது.

மற்ற சோதனைகளும் நடந்தன. "அந்த இருமல் கிருமியோட சண்டை போட உங்க உடம்பு ஒரு படையைத் திரட்டிச்சு. கிருமி போயிடுச்சு, படை போகல. குளிர் அடிச்சா சொந்த அணுக்களையே எதிரின்னு நினைச்சுப் பிடிச்சு உடைக்குது. அதான் மஞ்சள், அதான் அந்தச் சிறுநீர் நிறம்" என்றார் டாக்டரம்மா. "பெரும்பாலும் சில வாரத்துல தானா கலைஞ்சுடும். சில பேருக்கு இதுக்குப் பின்னால வேற நோய் ஒளிஞ்சிருக்கும். அதனால அதையும் தேடிப் பார்த்துட்டோம். இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வரச் சொல்றப்ப வரணும். இரும்பு மாத்திரை வேண்டாம், உங்ககிட்ட இரும்பு நிறையவே இருக்கு. வேற ஒரு சின்ன மாத்திரை தரேன். பச்சைத் தண்ணியில கை வைக்கக்கூடாது. கையுறை, காலுறை, காதுக்குத் துணி."

"அப்ப பாத்திரம் யார் தேய்க்கறது?" என்றாள் நாத்தனார்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"சும்மா கேட்டேன். தேய்க்கறேன். தேய்க்கறேன்னு சொல்லிட்டேன்ல, எதுக்கு இப்படிப் பார்க்கறீங்க?"

*

வெயில் திரும்பி வந்த ஒரு காலையில் அக்கா மறுபடி கடையைத் திறந்தாள். காலில் கம்பளிக் காலுறை. நாத்தனார் பின்னியது. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது வீட்டில் சட்டமாகியிருந்தது. சென்ற வாரச் சோதனையில் ரத்தம் நன்றாகவே ஏறியிருந்தது. மெஷின் இப்போது நடக்கக்கூடிய கணக்கைத்தான் சொல்கிறது என்று டாக்டரம்மா சிரித்தார். அவருடைய ஆய்வகக் கதவில், குளிரில் திரிகிற ரத்தம் வந்தால் சூட்டில் வைத்து மறுபடி பார்க்கவும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வார்டு சிஸ்டரிடம் புதிதாக ஒரு பிளாஸ்க் இருந்தது.

லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. தம்பி இறங்கி வந்தான்.

"இந்தப் பக்கமா லோடு. அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு" என்றான், யாரும் கேட்காமலே.

"மாமா இருக்காரு, பேசு" என்றாள் அக்கா.

திரைக்குப் பின்னால் மெஷின் நின்றது. "வா" என்றது தையல்காரரின் குரல். மெஷின் மறுபடி ஓடியது.

"பேசிட்டேன்" என்றான் தம்பி.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அதே மாதிரி ஒரு சட்டை. "கழட்டு" என்றாள்.

"அக்கா, தெருவுல வச்சா?"

"திரைக்குப் பின்னால போய்க் கழட்டிக் குடு. இந்தச் சட்டையோட என் கடை வாசல்ல நின்னா என் பேர் என்னாகறது?"

அவன் உள்ளே போய்ச் சட்டையைத் திரைக்கு மேலாக எறிந்தான். அவள் தண்ணீர் தெளிக்கவில்லை. தெளிக்கும் வேலையை நாத்தனார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். இவள் பெட்டியை எடுத்தாள். காலர், தோள், கை, முதுகு. பள்ளிக்கூடச் சட்டையில் கற்ற அதே வரிசை. ஆவி முகத்தில் அடித்தது. விரல்கள் சிவந்திருந்தன, பெட்டியைக் கீழே வைத்த பிறகும் அப்படியே சிவந்திருந்தன. அதை அவள் மட்டும்தான் கவனித்தாள். ஒரு நிமிஷம் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கருக்கிடாத அக்கா" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கருகினா டிசைன்னு சொல்லிக்கோ."

சூடு ஆறும்முன் சட்டையைத் திரைக்கு மேலாக நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய கை அதை வாங்கிக்கொண்டது.